வலது பக்கம் ஆறு பல்

1. ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம், நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டு டீச்சர், தன் கணவரின் மருந்தறையைத் திறந்தார். கணவர் கம்பவுண்டராக இருந்தவர். இறந்து ஆறு வருடம் ஆகிறது. அறை பூட்டிக் கிடந்தது இருபத்து மூன்று வருடம்.

2. உள்ளே நான்கு மரப்பெட்டிகளில், வைக்கோலுக்குள், அறுபத்து மூன்று கண்ணாடி சீசாக்கள் இருந்தன.

3. பழைய சீசாக்களைச் சேகரிக்கும் ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பார்த்தார். கறையும் துருவும் போக்கி வைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

4. கழுவும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். நான் லேப் டெக்னீஷியன். கண்ணாடி கழுவுவது எனக்குத் தெரிந்த வேலை.

5. அறுபத்திரண்டு சீசாக்கள் சுத்தமாயின.

6. அறுபத்து மூன்றாவதும் சுத்தமானது. காய்ந்த பிறகு அதன்மேல் நான் மூச்சு விட்டேன்.

7. டீச்சரின் ஆறு வயது மகள் யாருடைய கைத்தவறால் இறந்தாள் என்பது அந்த வீட்டில் பேசப்படாத பேச்சு. அதற்கான விடை அந்த மூச்சில் தெரிந்தது. டீச்சரிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது.

இப்படி எண் போட்டு எழுதினால்தான் எனக்கு நிதானம் வருகிறது. நடந்தது இந்த வருடம்தான், எண்பத்திரண்டில். திருநெல்வேலியில் ஒரு வருடப் படிப்பு முடித்து, சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் சேர்ந்திருந்தேன். சொந்த ஊரான குருவிகுளத்துக்குத் தினமும் போய் வர பஸ் தோதாக இல்லை என்பதால் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. அவர் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மருந்தறையைத் திறந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டது. கொத்தனார் ஓட்டைப் பிரிக்க வேண்டும் என்றார். சாமான்களை வெளியே எடுக்காமல் பிரிக்க முடியாது.

"ஏட்டி, ரத்தம், மூத்திரம்னு அலசுத கைதான உனக்கு. இதையும் அலசிப் போட்டுரு," என்றார் டீச்சர்.

"அந்தக் கையாலதான் நேத்து உங்களுக்கு ரசம் வச்சேன் டீச்சர்."

"அதான் ஒரு மாதிரி இருந்துச்சா?"

முதல் தடவை வந்தபோது சேகரிப்பவர் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீசாவாக எடுத்தார். பருத்த ஆள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று மூச்சு விடுவார். கைக்குட்டையால் துடைப்பார். வெயிலில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

"மங்கல் இருந்தா அலமாரில நிக்காதும்மா. பல்லு விளக்காத பிள்ளையப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும்," என்று என்னிடம் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சீசாக்களைக் கறையின்படி பிரித்தேன். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து உள்ளே வெள்ளையாகப் படிந்தவை ஒரு கூட்டம். அவற்றுக்கு நீர்த்த ஆசிட். இருமல் மருந்து கருப்பட்டிப்பாகு போல அடியில் இறுகியவை ஒரு கூட்டம். அவற்றை வாஷிங் சோடாவில் இரண்டு நாள் ஊறவைத்து, குருணை அரிசி போட்டுக் குலுக்கினேன். சைக்கிள் கடையில் இரும்பு உருண்டை வாங்கிப் போட்டால் சீக்கிரம் போகும் என்று ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொன்னார். கீறல் விழும் என்பதால் நான் போடவில்லை. மூடியின் கம்பி துருப்பிடித்துக் கழுத்தில் காவி வளையம் விட்டவை ஒரு கூட்டம். இரும்புச் சத்து டானிக் இருந்தவற்றில் காவி உள்ளே, மருந்து நின்ற மட்டம் வரை. இரண்டுக்கும் ஆக்ஸாலிக் ஆசிட்தான். அது விஷம். கையுறை போட்டுக்கொண்டு, வாளியைக் கிணற்றடிக்கு எட்டத்தில் வைத்துச் செய்தேன்.

ஏழு சீசாக்கள் தனி ரகம். கருநீலம், ஆறு பட்டை, பக்கமெல்லாம் வரிவரியாக மேடு. விஷ மருந்து வைக்கிற சீசாக்கள். இருட்டில் தடவினாலும் கை எச்சரிக்கையாக வேண்டும் என்பதற்காக அந்த மேடு. அவற்றைக் கழுவும்போது, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு வேலை செய்தேன். தண்ணீரைக் கீழே ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கழுவியவற்றைக் கவிழ்த்து வடியவைத்து, பிறகு நிமிர்த்தி முற்றத்தில் வரிசையாக வைத்தேன். மலைப்பக்கமிருந்து ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் விசைத்தறிகள் காலையிலிருந்து ஓடும். அந்தச் சத்தம் இருக்கும்வரை வேறொன்றும் காதில் விழாது. இரண்டாம் நாள் மத்தியானம் கரண்டு போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் கேட்டது. சீசாக்கள் ஊதிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குரலில், பெரியது கனமாக, சின்னது கீச்சென்று. காலையிலிருந்தே ஊதிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பக்கத்துத் தறிக்கார வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கேலிக்கு என்னைக் கொழுந்தி என்றுதான் கூப்பிடுவாள். "ஏய் கொழுந்தி, உங்க வீட்டுல என்னட்டி, பேய் பாட்டு கிளாஸ் நடத்துதா?"

"காத்துக்கா. சீசா வாயில காத்து."

"என்னமோ. புள்ள தூங்கமாட்டேங்கு. புத்துமண்ணு போட்டுத் தேய்ச்சிரு, எல்லாம் அடங்கிரும்."

"நோய்க்குப் பூசுத கோயில் புத்துமண்ணப் போட்டு சீசா தேய்ச்சா அம்மன் சும்மா விடுவாளா?"

"ஏசுசாமி கும்பிடுத டீச்சர் வீட்டுக்குள்ள எங்க அம்மன் வருவா? தைரியமாத் தேயி," என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

நான் சீசாக்களைக் காற்றுக்கு மறைவாக நகர்த்தினேன். கரண்டு வந்தது. அதன்பிறகு ஊதினவா இல்லையா என்று தெரியவில்லை.

நான்காவது பெட்டியின் அடியில் ஒரு சீசா மட்டும் துணியில் சுற்றியிருந்தது. வெளிறிய ரோஸ் நிறத் துணி. விளிம்பில் பாதி கிழிந்த லேஸ். சீசா தட்டையானது, உள்ளங்கை அகலம், தக்கை வைத்து நூலால் கட்டியிருந்தது. ஒரு முகத்தில் மைதா பசை மஞ்சளாகக் காய்ந்து, அங்கங்கே பேப்பர் தூள். ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம். உள்ளே ஒரு விரற்கடை உயரம் காவிப் படிவு.

டீச்சர் பள்ளியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். துணியைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"அது அவ கவுனு," என்றார்.

டீச்சருக்கு ஒரு மகள் இருந்து இறந்துபோனாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை அன்று கிணற்றடிப் படியில் உட்கார்ந்து சொன்னார். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற அதே குரல்தான்.

"எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல், இருமல். ரெண்டு பேருக்கும் சேத்து இந்த ஒரு சீசால தண்ணி மருந்து கலக்கினாரு. அளவுச் சீட்டு தெரியும்லா உனக்கு?"

தெரியும். அந்தக் காலத்து மருந்து சீசாக்களின் பக்கத்தில் நீளமாக ஒரு பேப்பர் ஒட்டியிருப்பார்கள். விளிம்பைக் கத்தரியால் பல்பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. மருந்து நிற்கும் மட்டத்திலிருந்து ஒரு பல் இறங்கும் வரை ஊற்றிக் குடிக்க வேண்டும்.

"இவரு சீட்ட ரெண்டு பக்கமும் வெட்டினாரு. ஒரு பக்கம் பெரியவங்களுக்கு, மூணு பெரிய பல்லு. ஒரு பக்கம் பிள்ளைங்களுக்கு, ஆறு சின்னப் பல்லு. 'இடது பக்கம் உனக்கு, வலது பக்கம் பிள்ளைக்கு'ன்னு சொல்லிட்டு வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறிட்டாரு. அங்கன ஒரு டாக்டர்ட்ட வாரத்துல ரெண்டு நாள் வேல. நான் வலது பக்கத்தப் பாத்து அவளுக்கு ஊத்தினேன். வலது பக்கம் மூணு பல்லு இருந்துச்சு. என் கண்ணு பாத்துச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"வலது பக்கம் ஆறு வெட்டிருக்கேம்னாரு. நான் மூணுதான்னேன். பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து இந்த நாலு வார்த்தை பேசினோம். அதுக்கப்புறம் அவரும் பேசல, நானும் பேசல. சீசாவக் காணோம். ரூமப் பூட்டினாரு. தறி ஷெட்டுக்கு வேலைக்குப் போனாரு. வெட்டினது தப்புன்னு தெரிஞ்சுதான் சீசாவ ஒளிச்சிட்டாருன்னு நான் நினைச்சேன். பதினேழு வருசம் அந்த நினைப்போடதான் அவருக்குச் சோறு போட்டேன்."

வருடாவருடம் கல்லறைத் திருநாளில் டீச்சர் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு போவார். சின்னக் கல்லறைக்கு மட்டும் வைப்பார். பக்கத்திலிருக்கும் பெரியதற்கு வைக்கமாட்டார். போன வருடம் கூடப் போனபோது பூ தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

டீச்சர் சீசாவை வாங்கி, பூச்சி தின்ற இடத்தை நகத்தால் தடவினார். "சீட்டு இருந்தா இப்ப தெரிஞ்சிருக்கும். யாரு கை தப்புன்னு. இதையும் பூச்சி தின்னுட்டு." சீசாவை ஆட்டிப் பார்த்து, "உள்ள இருக்கத வச்சு ஏதாவது சொல்ல முடியுமாட்டி, உங்க லேபுல?" என்று கேட்டார்.

"முடியாது டீச்சர்."

"அப்போ கழுவிரு. மத்ததோட சேந்து போகட்டும்."

கழுவினேன். பசையை வெந்நீரில் ஊறவைத்து எடுத்தேன். உள்ளே காவி, ஆக்ஸாலிக் ஆசிட்டில் இரண்டாம் முறை போனது. கடைசியில் ஓர் அலசு நல்ல தண்ணீர். வியாழக்கிழமை மத்தியானம் காய்ந்திருந்தது. கண்ணாடி பளிங்கு போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அன்று எனக்கு அரை நாள் வேலை. டீச்சர் பள்ளியில். சேகரிப்பவர் செய்வாரே, அதுபோல ஒவ்வொன்றாக மூச்சு விட்டு, துடைத்து, மங்கல் பார்த்துக்கொண்டு வந்தேன். தட்டைச் சீசாவைக் கையில் எடுத்தபோது கரண்டு போனது.

தறிகள் நின்றன. மூச்சு விட்டேன்.

கண்ணாடி வெளுத்தது. வெளுப்புக்கு நடுவே வெளுக்காத ஒரு நீளப் பட்டை, மேலிருந்து கீழே. அதன் இடது விளிம்பில் மூன்று பல். வலது விளிம்பில் ஆறு. எண்ணி முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி மூச்சு விட்டேன். மறுபடி வந்தது. வலது பக்கம் ஆறு. சந்தேகமே இல்லை. இது நடக்கக்கூடியதுதான். பசை ஒட்டியிருந்த இடத்தில் கண்ணாடி ஒருவிதமாகவும், காற்றும் ஈரமும் பட்ட இடத்தில் வேறுவிதமாகவும் வருடக்கணக்கில் தேய்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மூச்சின் ஈரம் மட்டும் இரண்டிலும் ஒரேமாதிரி படியாது. இந்த விளக்கத்தை அப்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் கையில் மயிர் நின்றது நின்றபடி இருந்தது.

மூன்றாம் முறை சற்று நீளமாக மூச்சு விட்டேன். பட்டைக்கு வெளியே, சீசாவின் விலாவில், வேறு சில அடையாளங்கள் வந்தன. வட்டமாக நான்கு, ஒரு வரிசையில். எதிர்ப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. என் விரல்களை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் பெரிதாக இருந்தன.

சீசாவைத் துணிமேல் வைத்துவிட்டு, கரண்டு வரும்வரை முற்றத்துக்கு வெளியே நின்றேன்.

அன்று இரவு நோட்டில் இரண்டு பத்தி எழுதினேன். சொன்னால்: கணவர் சரியாக வெட்டியிருக்கிறார், டீச்சர் தவறாகப் பார்த்திருக்கிறார், இனி அந்தப் பழியோடு டீச்சர் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால்: செய்யாத தவறுக்கு ஒருவர் பூ இல்லாமல் கிடப்பார். இரண்டுக்கும் கீழே கோடு போட்டேன். விடை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. சீட்டு ஒட்டியிருந்த முகத்தை எனக்கு எதிராக வைத்து மூச்சு விட்டதால் வலது பக்கம் ஆறு. அந்த முகத்தை அப்பால் திருப்பி, கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சாயங்காலம் டீச்சரிடம், "அன்னைக்கு மருந்து ஊத்தும்போது சீசாவ எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எப்படிப் பிடிப்பாவ? கையாலதான்."

"பிடிச்சுக் காட்டுங்க."

காலிச் சீசாவை வாங்கினார். ஜன்னல் பக்கம் போனார். "ஐப்பசி மழை. வீடெல்லாம் இருட்டு. மருந்து மட்டம் தெரியல. அதான் இப்படி வெளிச்சத்துக்குக் காட்டி..." என்று தூக்கிப் பிடித்தார். பசை இருந்த முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவர் மறுபுறமிருந்து, சீசாவின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே பிடிங்க டீச்சர்." நான் ஜன்னல் பக்கம் போய் நின்று, அந்த முகத்தில் மூச்சு விட்டேன்.

"வலது பக்கம் எத்தன?"

"மூணு." குரல் உயர்ந்தது. "மூணு பல்லு! நான் சொன்னேம்லா!"

"இப்ப இங்கன வந்து பாருங்க." அவரை என் பக்கம் நிறுத்தி, மறுபடி மூச்சு விட்டேன். "வலது பக்கம்?"

உதடு அசைய எண்ணினார். ஆறாவதைச் சொல்லவில்லை.

சீட்டுக்கு முன்னால் நின்றால் வலது ஆறு. பின்னாலிருந்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் வலது மூன்று. அவர் வெட்டியதும் சரி, இவர் பார்த்ததும் சரி. ஒட்டியவர் தன் பக்கத்து வலதைச் சொல்லியிருக்கிறார். பார்த்தவர் தன் பக்கத்து வலதைப் பார்த்திருக்கிறார். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் இன்னொன்றைச் சொன்னேன். "மருந்து இரட்டிச்சதாலதான் போனாள்னு இந்தச் சீசா சொல்லாது டீச்சர். அந்தக் காய்ச்சலுக்கே போன பிள்ளைங்க உண்டு."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது அவரே சீசாவை வாயருகே கொண்டுபோய் மூச்சு விட்டார். நீளமாக. விலாவிலிருந்த வட்டங்கள் வந்தன.

"இது என்னது?"

வட்டங்களுக்குப் பக்கத்தில் என் விரல்களை வைத்துக் காட்டினேன்.

"பசை தடவுதது அவ வேல," என்றார் டீச்சர். "சீட்டுக்குப் பசை தடவுறேன்னு சீசா பூராத் தடவிருவா. அவரு வைவாரு." மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வலது பக்கம் ஆறுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் எந்தப் பக்கம் நின்னு பாத்தேன்னு தெரிஞ்சிருக்காது. நான் தப்பாப் பாத்தேன்னு நினைச்சு, எனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு சுத்தி வச்சாரோ?" என்று கேட்டார்.

"தெரியல டீச்சர்."

"உன்ட்ட கேக்கல."

சீசாவை அவரே கொண்டுபோய் மற்றவற்றோடு வரிசையில் வைத்தார். "போகட்டும். வீட்டுல இது இருந்தா நான் நாள் பூரா ஊதிக்கிட்டே இருப்பேன்," என்றார்.

சனிக்கிழமை சேகரிப்பவர் மகிழ்ச்சியாக இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூச்சு விட்டு, துடைத்து, வைக்கோலில் அடுக்கினார். "கையில காப்புப் போடணும்மா உனக்கு. கண்ணாடிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிட்ட," என்றார். டீச்சர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தட்டைச் சீசா கடைசியாக வந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "ஜோரா இருக்கே," என்று வாயருகே கொண்டுபோனார். வாய் திறந்தது.

"ஊதாதீங்க!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சேகரிப்பவர் வாயை மூடவும் மறந்து பார்த்தார். டீச்சர் மூன்றே எட்டில் வந்து சீசாவை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இதுல வேறாளு மூச்சுப் படக் கூடாது," என்றார். பிறகு பள்ளிக் குரலில், "அறுபத்திரெண்டு உங்களுக்கு. இது தரதுக்கில்ல அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க."

சேகரிப்பவர் முக்காலியிலிருந்து எழுந்தார். முந்தானையில் மூடியிருந்த சீசாவை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பூக்கடையில் டீச்சர் இரண்டு பொட்டலம் கேட்டார். பெரிய கல்லறையில் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். தலைமாட்டில் நின்று பார்த்தார், கால்மாட்டுக்குப் போய்ப் பார்த்தார். கடைசியில் நடுவில் வைத்தார்.

மருந்தறைக்குப் புது ஓடு போட்டாகிவிட்டது. அறை காலியாக இருக்கிறது. சீசா டீச்சரின் துணிப் பெட்டியில், அதே ரோஸ் துணியில் இருக்கிறது. கறை இல்லை, துரு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒருமுறை எடுப்பார், ஒருமுறை மூச்சு விடுவார், வைத்துவிடுவார். இதுவரை ஒருமுறையும் அந்த வட்டங்கள் தெரியாமல் போனதில்லை.